இருநூறு கட்டுரை கூடிய வருடம்

வேல்விழிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், எண்ணுவாள். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது தேனியில் ஒரு டாக்டர் அவள் அப்பா வீரணனிடம், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களெல்லாம் செத்துவிட்டன, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்று சொன்னார். "எத்தனை செல்லு டாக்டர் செத்துப்போச்சு?" என்று கேட்டவள் வேல்விழிதான். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, மணி, எத்தனை யூனிட் ஊசி, என்ன சாப்பாடு, சர்க்கரை எவ்வளவு. கடைசிப் பத்திக்கு 'ஏன்' என்று தலைப்பு. சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பத்தியில் காரணம் எழுதியாக வேண்டும். 'அய்யனார் கோயில் பொங்கல்' என்று இருக்கும். 'அம்மாவோடு சண்டை, சாப்பிடவில்லை' என்று இருக்கும். பொய் எழுதினால் அடுத்த வாரம் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அந்த நோட்டில் அவள் பொய் எழுதியதே இல்லை. 2008இல் பதினோராவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் கம்பம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியின் நூலக உதவியாளர். தினமும் ஓடைப்பட்டியிலிருந்து பஸ். நூலகப் படிப்பில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். கூடப் பதிவு செய்தவர்கள் 'கல்லூரி மாணவிகள் நாளிதழ் படிக்கும் பழக்கம்' என்பதுபோல நோகாத தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். வேல்விழி எடுத்தது வேறு. இன்சுலின் சுரக்கிற அந்தச் செல்லைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், 1996 முதல் 2007 வரை பன்னிரண்டு வருடத்தில் எத்தனை, எந்த வருடம் கூடியது, எந்த வருடம் குறைந்தது, எந்த நாட்டுக்காரர் எவ்வளவு எழுதினார், யாருடைய கட்டுரையை யார் எடுத்துச் சொன்னார் என்று எண்ணுகிற ஆராய்ச்சி.

"கல்யாண வீட்டுக்குப் போயி சாப்பிடாம எலைய எண்ணிட்டு வர்ற வேலையால்ல இருக்கு" என்றாள் அம்மா சந்தனம்மாள்.

வீரணனுக்கு அது பிடித்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கணக்குக் கேட்பார்.

"இந்த வருசம் எத்தனத்தா?"

"ஆயிரத்து நூறுக்கு மேலப்பா."

"போன வருசத்துக்குக் கூடவா?"

"கூடத்தான். வருசா வருசம் கூடிக்கிட்டேதான் போகுது."

"அப்ப செத்த செல்ல உசுப்ப ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பாகளே."

"எலிக்குக் கண்டுபிடிச்சிருக்காகப்பா. எலிக்கெல்லாம் நல்லா சொகமாயிருக்கு."

வீரணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஆயிரம் பேரு எழுதியும் எலியிலயேவா நிக்கிறாக?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் தன் ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் என்று வேல்விழி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், ஊசி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது என்று யாராவது எண்ணிச் சொல்லட்டுமே.

இப்போது அவளுடைய வழிகாட்டி சண்முகராஜைச் சொல்ல வேண்டும். தேனியில் இன்னொரு கல்லூரியில் நூலகத் துறைத் தலைவர். பெயருக்கு முன்னால் முனைவர், பெயருக்குப் பின்னால் நாலு வரிக்குப் பட்டங்கள். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அப்படிப் பெயரெடுக்க அவர் செய்ததெல்லாம், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான். மாணவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற அத்தியாயத்தைக் கையில் வைத்துக் கனம் பார்ப்பார். நன்றியுரைப் பக்கத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் படிப்பார். தன் பெயருக்கு முன்னால் 'பெருமதிப்பிற்குரிய' இருந்தால் "குட்" என்பார். வேல்விழி போகும்போதெல்லாம் ஓடைப்பட்டித் திராட்சை ஒரு பை கொண்டுபோக வேண்டும், அது எழுதப்படாத விதி.

அவள் ஊசி போடுகிறவள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அவர் குரலே மாறிவிட்டது. "ஒடம்பு முடியாத புள்ள, நீ எதுக்கும்மா அலைஞ்சுக்கிட்டு? டேட்டா எடுத்துக் குடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்பார். கேட்பவர்களுக்குக் கருணையாகத் தெரியும். வேல்விழிக்கு அந்தத் தேன் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தினமும் இரண்டு வேளை தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போய் வருகிறவளைப் பார்த்து முடியாத பிள்ளையாம்.

2008 செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டு வேல்விழி உத்தமபாளையத்தில் முஜிபுர் ரஹ்மான் நடத்திய பிரௌசிங் சென்டருக்குப் போனாள். அவளுடைய கல்லூரியில் இணையம் ஆமை வேகம். அமெரிக்க மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் கட்டுரை விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும், ஒரு பக்கத்துக்கு இருநூறு. ஒவ்வொரு பக்கமாகச் சேமித்துப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். அன்றைக்கு 2003ஆம் வருடத்துக் கணக்கு.

காலையில் போட்ட ஊசி பதினொரு மணிக்குத் தன் வேலையைக் காட்டும், சர்க்கரை இறங்கும். அதற்குள் எதையாவது வயிற்றுக்குள் போட்டுவிட வேண்டும். பையில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லி இருந்தது. ஆனால் அது நோன்பு மாதம். முஜிபுர் நோன்பு, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் நோன்பு, தெருவில் டீக்கடைகூடத் திரை போட்டிருந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் நடுவில் டப்பாவைத் திறந்து சாம்பார் மணக்க இட்லி தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கம் முடிந்ததும் வெளியே போய்ச் சாப்பிடலாம், அடுத்த பக்கம் முடிந்ததும் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.

அந்த வருடம் தமிழ்நாட்டில் கரண்ட் போவது செய்தி இல்லை, வருவதுதான் செய்தி. பக்கம் இறங்கியதா இல்லையா என்று தெரியாமல் கறுத்துப்போன திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் மெஷினை வேறு ஆள் பிடித்துக்கொள்வான் என்ற பயம். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது அவள் முதுகு நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின, திரையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. விட்ட இடத்திலிருந்து பிடித்து ஏழாவது பக்கம்வரை சேமித்துவிட்டுத்தான் சாய்ந்தாள். எப்படிச் சேமித்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

முஜிபுர் ஓடிவந்தார். நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தைப் பிரித்து அவள் கையில் திணித்தார். "சாப்பாடு கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார். அவள் பையைக் காட்டியதும் அவருக்கு வந்ததே கோபம். "நோம்பு எனக்கும்மா. ஒனக்கு யாரு நோம்பு வைக்கச் சொன்னா? என் மொகத்துக்கு நேரா ஒக்காந்து தின்னா எனக்கு என்ன கொறைஞ்சா போயிரும்? இங்கனயே ஒக்காந்து தின்னு, நான் பாக்குறேன்."

அவர் பார்க்க, இட்லி முழுவதையும் தின்றாள். குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம் வைத்துப் பார்த்தபோது, பழமும் இட்லியும் போன பிறகும் எழுபதுக்குக் குறையக் கூடாதது ஐம்பத்திரண்டுதான் காட்டியது. நோட்டில் எழுதினாள்: '9.9.08. மணி 12.20. சர்க்கரை 52. ஏன்: நோன்பு இருக்கிறவர்கள் முன்னால் சாப்பிட வெட்கம். 11.10க்குக் கரண்ட் போனது. 2003, மூன்றாவது பக்கம்.'

அதிலிருந்து நாலு மாதத்தில் பன்னிரண்டு வருடத்துக்கும் கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்து, மூன்றாவது அத்தியாயத்தின் முதல் வடிவத்தைச் சண்முகராஜிடம் கொடுத்தாள், சி.டி.யில். அந்த வரைபடம் ஓரளவு சீராக ஏறிப் போனது, 2003இல் மட்டும் திடீரென்று ஒரு மேடு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அடுத்த வருடம் மறுபடி இறக்கம். அந்த மேடு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. 2009 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேமித்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 2003க்கு ஏழு கோப்புத்தான் இருக்க வேண்டும். எட்டு இருந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றே, எழுத்துக்கு எழுத்து. கரண்ட் வந்ததும் தலை கிறுகிறுத்த நிலையில் அதே பக்கத்தை இன்னொரு தடவை சேமித்திருக்கிறாள். சரியான கணக்கு ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. மேடும் இல்லை, ஒன்றும் இல்லை.

நோட்டை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தாள், சிரிப்பு வந்தது. அந்த நோட்டையும் கோப்புகளை ஏற்றிய இன்னொரு சி.டி.யையும் ஆராய்ச்சிப் பையிலேயே போட்டுவைத்தாள். அடுத்த நாளே தேனிக்குப் போய்ச் சண்முகராஜிடம் சொன்னாள். அவர் திராட்சைப் பையை வாங்கி மேஜைக்கடியில் வைத்தபடி, "சரிம்மா, மாத்திக்க, மாத்திக்க. இதுக்கெல்லாமா அலைவாங்க?" என்றார். அவர் காதில் அது ஏறவேயில்லை என்று அவளுக்குத் தெரியாது. அந்த அத்தியாயம் அதற்கு முன்பே அவர் கையைவிட்டுப் போயிருந்தது என்றும் தெரியாது.

திருத்திய கணக்கோடு ஆய்வேட்டைக் கொடுத்தாள், 2010 பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. காலை ஒன்பது மணிக்கே வீரணன் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு பெட்டித் திராட்சையைத் தோளில் தூக்கிக்கொண்டு மகளோடு தேனிக்கு வந்துவிட்டார். தேர்வாளருக்கும் வந்திருக்கிறவர்களுக்கும் சாப்பாடு, பழம் எல்லாம் பட்டத்துக்கு நிற்கிறவர் பொறுப்பு, அது அங்கே வழக்கம். சண்முகராஜ் வேல்விழியை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு ஆய்விதழ் கிடந்தது.

"எக்ஸாமினர் அபுபக்கர் இத எங்கிருந்தோ புடிச்சிட்டார்ம்மா. கொஞ்சம் கடுசான ஆளு. நீ ஒண்ணும் பயப்படாத."

அவள் இதழைப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவளுடைய மூன்றாவது அத்தியாயம் இருந்தது. அட்டவணை அவளுடையது, வரைபடம் அவளுடையது, அடிக்குறிப்புகூட அவளுடையது. மேலே இரண்டு பெயர்கள். ஒன்று சண்முகராஜ். இன்னொன்று அவருடைய மைத்துனர், கணையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிற மனிதர். கடைசி வரியில் 'கணினிப் பணிக்கு உதவிய மாணவிக்கு நன்றி' என்று இருந்தது. பெயர்கூட இல்லை, மாணவி.

எண்ணினாள். பன்னிரண்டு வருடம். பதினைந்தாயிரத்துச் சொச்சம் கட்டுரை. ஓடைப்பட்டியிலிருந்து உத்தமபாளையத்துக்கு அறுபத்து மூன்று தடவை பஸ். எண்ணி முடித்தும் கோபம் அடங்கவில்லை.

"எம் பேரு எங்க சார்?"

"நீ ஒடம்பு முடியாத புள்ள. ஜர்னல்காரன் அதக் கேப்பான், இதக் கேப்பான், லெட்டர் போடுவான். ஒனக்கு எதுக்கு அந்த டென்ஷன்னுதான்..." என்றார் சண்முகராஜ். பிறகு குரலை இறக்கினார். "இங்க பாரு. உள்ள போயி ஒரே ஒரு வார்த்த சொல்லு. 'டேட்டா சாரோடது, அவர் அனுமதியோட நான் எடுத்துக்கிட்டேன்'னு. முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் நீ டாக்டர் வேல்விழி. இல்லேன்னு வையி, நீ எங்கிட்டருந்து காப்பியடிச்சதாத்தான் அவர் எழுதுவார். அஞ்சு வருசமும் வீணாப் போகும்."

அவள் கண் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று அந்த மேடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முழுப் பத்தி விளக்கம். 'புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக விஞ்ஞானிகளிடையே ஏற்பட்ட பெரும் எழுச்சியின் விளைவாக 2003ஆம் ஆண்டில் ஆராய்ச்சி உச்சம் தொட்டது. வளர்ந்த நாடுகளின் நிதிக்கொள்கை மாற்றமே இதன் முதன்மைக் காரணம்.' அவர் சொந்தமாக எழுதியது அந்த ஒரு பத்திதான்.

இதழை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். "நேரமாச்சு சார்" என்றாள்.

கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் வீரணன், காலடியில் திராட்சைப் பெட்டி. முன்னால் மேஜையில் வெளியூர்த் தேர்வாளர் பேராசிரியர் அபுபக்கர், பக்கத்தில் சண்முகராஜ். வேல்விழி அரைமணி நேரம் பேசினாள். அபுபக்கர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் அந்த ஆய்விதழை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உங்க மூணாவது அத்தியாயம் போன வருஷமே இதுல வந்திருக்கு. உங்க கைடு பேர்ல. பன்னண்டு வருஷத்துல பதினோரு வருஷத்துக்கு எண்ணு அச்சு அசலா ஒண்ணு. 2003 மட்டும் வேற. அவருக்கு ஆயிரத்து நானூத்திப் பன்னண்டு, உங்களுக்கு ஆயிரத்து இருநூத்திப் பன்னண்டு. சரியா இருநூறு கொறைச்சு வச்சிருக்கீங்க. காப்பின்னு தெரியாம இருக்க ஒரு எண்ண மாத்துனீங்களா?"

கடைசி வரிசையில் வீரணனுக்கு எண் எதுவும் புரியவில்லை. ஆனால் மகளைத் திருடி என்கிறார்கள் என்பது புரிந்தது. பாதி எழுந்துவிட்டார்.

சண்முகராஜ் தேன் குரலில் ஆரம்பித்தார். "சார், அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, சுகர் பேஷன்ட். நான் அனுமதி குடுத்துத்தான் எடுத்துச்சு. அதச் சொல்லத் தெரியாம நிக்குது. சொல்லும்மா."

சொன்னால் பட்டம். வாயிலிருந்து ஒரு வரி வந்தால் போதும். வேல்விழி அப்பாவைப் பார்த்தாள், பாதி எழுந்த நிலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அந்த ஆயிரத்து நானூத்திப் பன்னண்டுக்கும் பட்டியல் காட்டச் சொல்லுங்க சார்" என்றாள், அபுபக்கரைப் பார்த்து. "எண்ணுனவங்ககிட்ட பட்டியல் இருக்கும்."

"அது... பழைய கம்ப்யூட்டர். வைரஸ் வந்து போயிருச்சு" என்றார் சண்முகராஜ்.

"எங்கிட்ட இருக்கு சார்."

பைக்குள்ளிருந்து சி.டி.யை எடுத்துக் கொடுத்தாள். கூடத்துக் கம்ப்யூட்டரில் அபுபக்கர் தானே போட்டுத் திறந்தார். 2003, எட்டுக் கோப்பு. எல்லாம் 2008 செப்டம்பர் ஒன்பதாம் தேதியிட்டவை. மூன்றாவதையும் நான்காவதையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே."

"ஆமா சார். எட்டையும் கூட்டுனா ஆயிரத்து நானூத்திப் பன்னண்டு வரும். ஒண்ண எடுத்துட்டா சரியான எண்ணு வரும். தப்பக் கண்டுபிடிச்சுப் போன மார்ச்சுலயே சார்கிட்டச் சொன்னேன்."

அபுபக்கர் ஆய்விதழைப் புரட்டினார். "இதுல உலக விஞ்ஞானிகளோட எழுச்சின்னு போட்டிருக்கு. நிதிக்கொள்கைன்னு போட்டிருக்கு. அப்ப 2003ல ஆராய்ச்சி எப்படிக் கூடுச்சு?"

வேல்விழி பதினோராவது நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இத்தனை பேர் முன்னால் அந்த நோட்டை அவள் திறந்ததே இல்லை.

"உலகத்துல ஆராய்ச்சி கூடல சார். எனக்குச் சர்க்கரை கொறைஞ்சு போச்சு. நோம்பு மாசம், உத்தமபாளையத்துல ஒரு பிரௌசிங் சென்டர். நோம்பு வச்சிருக்கிறவங்க முன்னால சாப்பிட வெக்கப்பட்டு வெறும் வயித்தோட ஒக்காந்திருந்தேன். கரண்ட் போயி வந்துச்சு. கிறுகிறுப்புல அதே பக்கத்த ரெண்டு தடவ எடுத்துட்டேன். இன்சுலின் சுரக்கிற செல்லு இல்லாத ஒருத்தி, அந்தச் செல்லப் பத்தி எண்ணயில செஞ்ச தப்பு சார் அது. அதுக்குத்தான் இவக நிதிக்கொள்கைன்னு காரணம் எழுதியிருக்காக."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அபுபக்கர் சிரிக்கவில்லை. நோட்டைக் கையில் எடுத்து அந்த வரியைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார். 'நோன்பு இருக்கிறவர்கள் முன்னால் சாப்பிட வெட்கம்.'

சண்முகராஜின் முகம் சிவந்துவிட்டது. தேன் குரல் போன இடம் தெரியவில்லை. "பாத்தீங்களா சார்! நான் அப்பவே சொன்னேன், ஒடம்பு முடியாத புள்ளன்னு. இவ தப்பும் தவறுமா எடுத்துக் குடுத்த டேட்டாவ நம்பித்தானே நான் பேப்பர் போட்டேன்? நாலு பேரு அத மேற்கோள் காட்டியிருக்காங்க. எம் பேரு இல்ல கெட்டுப்போச்சு! தப்பு முழுக்க இவளோடது."

"இன்னொரு தடவ சொல்லுங்க, சண்முகராஜ்" என்றார் அபுபக்கர், பேனாவைத் திறந்தபடி.

"தப்பு முழுக்க இவளோடது. டேட்டா எடுத்தது பூரா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டேட்டா எடுத்தது பூரா இவங்க" என்று அபுபக்கர் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அறிக்கையில் எழுதினார். பிறகு வேல்விழியைப் பார்த்து, "நான் கேட்ட மொத கேள்விக்கு வருத்தப்படுறேன்மா" என்றார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார். ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பி அதன் நகலைத் தனக்கும் அனுப்ப வேண்டும் என்று சண்முகராஜிடம் சொன்னார். வேறு நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அது உண்மைதான். அதிகாரம் உள்ளவர்கள் அன்றைக்குச் சாப்பிட மட்டும் வந்திருந்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீரணன் திராட்சைப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். ஒரு கொத்தை மட்டும் அபுபக்கரிடம் கொடுத்தார். சண்முகராஜ் மேஜைக்கருகில் நின்று பெட்டியைப் பார்த்தார். "ஒங்களுக்கு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வீரணன் படியிறங்கினார்.

திருத்தம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவும் அபுபக்கர் இரண்டு தடவை கடிதம் போட்ட பிறகு. வேல்விழி இதழை அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். வீரணன் பந்தலுக்கடியில் கொடி கவாத்து செய்துகொண்டிருந்தார்.

"என்னாத்தா போட்ருக்காக?"

அவள் ஐந்து வரியையும் தமிழில் படித்துச் சொன்னாள். 'மேற்படி கட்டுரையில் 2003ஆம் ஆண்டுக்குத் தரப்பட்ட எண் பிழையானது. இப்பிழை, கட்டுரைக்கான தரவு முழுவதையும் திரட்டிய ஓடைப்பட்டி வீ. வேல்விழி என்பவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. கட்டுரையாளர்கள் இதற்குப் பொறுப்பல்ல.'

வீரணன் கத்தரியைக் கீழே போட்டார். "அடப்பாவி! இப்பவும் தப்புன்னு வந்தா ஒம் பேரத்தான் போட்ருக்கானா? கட்டுரைக்கு அவன் பேரு, தப்புக்கு ஒம் பேரா? நீயும் இதப் போயி ஆசையா எடுத்துக்கிட்டு வந்திருக்க?"

"ஆமப்பா, போட்ருக்காக. 2003ல தப்பா எண்ணுனது நாந்தான்னு அச்சுல போட்ருக்காக" என்றாள் வேல்விழி. இதழை மடித்துப் பதின்மூன்றாவது நோட்டுக்குள் பத்திரமாக வைத்தாள். "அப்ப மத்த பதினோரு வருசத்தையும் சரியா எண்ணுனது நானில்லன்னு இனி ஒருத்தனும் சொல்ல முடியாதுல்ல."